ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் விற்பனைச் சரக்கு: கல் குவளையில் தொடங்கி சாயத் துணி வரை

குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டி ஆளும் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி ஆட்டத்தில் உங்கள் கோட்டைக்குள் காசு புழங்குவதில்லை. குள்ளர்கள் சம்பளம் கேட்பதில்லை, தோண்டி எடுத்த கல்லுக்கு விலை கிடையாது, வெட்டிய மரத்துக்கு யாரும் ரசீது போடுவதில்லை. அப்படியிருக்க, "எதைச் செய்து விற்றால் லாபம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அந்தப் பொருள் வியாபாரி கைக்குப் போய்ச் சேரும்வரை உங்கள் ஆட்கள் எவ்வளவு நடக்க வேண்டும்? இந்த ஆட்டத்தில் சரக்கின் அடக்க விலை நடைதான். கல்லை எடுக்கப் போகிற நடை, செய்த பொருளைக் கிடங்கில் வைக்கிற நடை, அங்கிருந்து வியாபாரிகள் வந்து தங்கும் டிப்போவுக்குத் தூக்குகிற நடை. இது மூன்றையும் சுருக்கிவிட்டால் வெறும் கல் குவளையை விற்றே வருஷா வருஷம் வண்டியைக் காலி செய்யலாம். சுருக்காவிட்டால் தங்கம் இருந்தாலும் சரக்கு டிப்போவுக்கு வருவதற்குள் வியாபாரிகள் கிளம்பிவிடுவார்கள்.

டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006 முதல் வெளியிட்டு வரும் ஆட்டம் இது. 2022 டிசம்பரில் ஸ்டீமில் வந்த பதிப்பை வைத்துத்தான் இங்கே சொல்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் கிளாசிக் பதிப்பிலும் கணக்குகள் இவையே.

யார் எப்போது வருவார்கள்

வசந்தத்தில் எல்ஃப்கள் என்ற காட்டு இனத்தார், கோடையில் மனிதர்கள், இலையுதிர்காலத்தில் உங்கள் சொந்த நாட்டுக் குள்ளர்கள். குளிர்காலத்தில் யாரும் வருவதில்லை. எல்ஃப்களும் மனிதர்களும் உங்கள் இடத்துக்கு அக்கம்பக்கத்தில் குடியிருந்தால்தான் வருவார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே அண்டை நாடுகளின் பட்டியல் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வசந்தத்தின் தொடக்கத்தில் 7 பேரோடு வந்து இறங்குகிறீர்கள். முதல் வருஷத்தில் நம்பி எதிர்பார்க்க வேண்டியது இலையுதிர்காலத்தில் வரும் குள்ளர் வணிகர்களை மட்டும்தான். ஆக, முதல் சரக்குக்கு உங்களிடம் இருப்பது ஏறக்குறைய இரண்டு பருவம். ஒரு மாதத்துக்கு 28 நாள், ஒரு பருவத்துக்கு 3 மாதம். போதுமான அவகாசம், ஆனால் தாராளம் இல்லை. படுக்கை, சாப்பாடு, சாராயம் எல்லாம் முடித்துவிட்டு அப்புறம் சரக்கு செய்யலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த அப்புறம் வராது.

மதிப்பு எப்படிக் கணக்காகிறது

பொருளின் அடிப்படை மதிப்பு, மூலப்பொருளின் பெருக்கம், வேலைத் தரத்தின் பெருக்கம். மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் மதிப்பு.

குவளை, மோதிரம், தாயத்து, சிலை பொம்மை போன்ற சிறு கைவினைப் பொருள்களுக்கு அடிப்படை 10. மூலப்பொருளைப் பார்த்தால் சாதாரணக் கல், மரம், எலும்பு எல்லாம் 1. சுண்ணாம்புக்கல், பளிங்கு, டோலமைட் போன்ற, எஃகு உருக்கத் தேவைப்படும் ஃப்ளக்ஸ் கற்கள் 2. அப்சிடியன் 3. உலோகத்தில் செம்பு 2, வெண்கலம் 5, இரும்பும் வெள்ளியும் 10, எஃகும் தங்கமும் 30, பிளாட்டினம் 40. தரத்தைப் பெயரின் இரு பக்கமும் வரும் குறிகள் காட்டும். குறி ஏதும் இல்லாவிட்டால் 1. - குறிக்கு 2, + குறிக்கு 3, * குறிக்கு 4, ≡ குறிக்கு 5, ☼ குறி வரும் உச்சத் தரமான மாஸ்டர்வொர்க்குக்கு 12.

அந்த 5-லிருந்து 12-க்குத் தாவுவதைக் கவனியுங்கள். சாதாரணக் கல்லில் செய்த மாஸ்டர்வொர்க் குவளை ஒன்று 120. அதே குவளையைப் பழக்கமில்லாதவர் செம்பில் செய்தால் 20. நல்ல தாதுவைத் தேடி ஆழம் தோண்டுவதைவிட, கிடைத்த கல்லில் ஒரே ஆளை விடாமல் உட்கார வைப்பது மேல் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு கணக்கு. உடைக்காத கல் ஒன்றின் அடிப்படை மதிப்பு 3. அதைச் செதுக்கி 4 கட்டடக் கட்டிகளாக்கினால் ஒன்றுக்கு 5 வீதம் 20. அதே கல்லில் 3 குவளை செய்தால், தரம் எதுவும் இல்லாமலேயே 30. கைவினைப் பொருள் என்று பொதுவாக ஆர்டர் போட்டால் ஒரு கல்லுக்கு 1 முதல் 3 வரை ஏதோ ஒன்று வரும். குவளை என்று குறிப்பாகக் கேட்டால் 3 நிச்சயம். எனவே முதல் இரண்டு வருஷம் குவளைதான். மிஞ்சினாலும் வீணில்லை, பின்னால் மதுக்கடை திறக்கும்போது அதே குவளைகள் அங்கே வேண்டியிருக்கும்.

படி 1: ஒரு ஆள், ஒரு பட்டறை

புறப்படும் முன் 7 பேருக்குத் திறமைப் புள்ளிகளைப் பிரிக்கும்போது ஒருவருக்கு ஸ்டோன்கிராஃப்டிங் என்ற கல் கைவினைத் திறமையில் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். இன்னொருவருக்கு, முடிந்தால் வேலைப்பளு குறைந்த ஒருவருக்கு, அப்ரைசர் என்ற விலை மதிக்கும் திறமையில் ஒரு புள்ளி. இந்த ஒரு புள்ளி ஏன் என்பது பேரத்தில் தெரியும்.

முதல் நிலத்தடித் தளத்தைக் கல் அடுக்கில் தோண்டுங்கள். மண் அடுக்கில் தோண்டினால் கல் விழாது. கல் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கிராஃப்ட்ஸ்ட்வார்ஃப் பட்டறையைப் போடுங்கள். 3க்கு 3 இடம், ஒரே ஒரு கல் போதும். பட்டறையை அழகான மைய மண்டபத்தில் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கல்லை அங்கே இழுத்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டறை கல்லிடம் போக வேண்டும், கல் பட்டறையிடம் வரக் கூடாது. பிற்பாடு இடித்துவிட்டு வேறிடத்தில் கட்டுவதற்குச் செலவே இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம். பட்டறையில் வேலை செய்பவர் தனக்கு வேண்டிய கல்லைத் தானே போய் எடுத்து வருவார். சுமக்கும் ஆட்கள் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள். உங்கள் திறமைசாலி அரை நாளைக் கல் தூக்குவதில் கழித்தால் அது உங்கள் இழப்பு. ஆகவே பட்டறையை ஒட்டினாற்போல ஒரு சின்னக் கல் கிடங்கு ஒதுக்கி, அதில் கைவண்டி ஒன்றையாவது விடுங்கள். சுமையாட்கள் கல்லை அங்கே கொண்டுவந்து நிரப்பட்டும். கிடங்கிலிருந்து பட்டறைக்குக் கொடுக்கும்படி இணைப்பும் போட்டுவிட்டால் கைவினைஞர் இரண்டடி நகர்ந்தால் கல், இரண்டடி திரும்பினால் பட்டறை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இணைப்பு போட்டபின் அந்தக் கிடங்கில் கல் தீர்ந்தால் பட்டறை வேறெங்கும் தேடாது, வேலை ரத்து என்று அறிவிப்புதான் வரும்.

அடுத்து, யார் என்ன வேலை செய்வது என்று ஒதுக்கும் லேபர் திரை. ஸ்டோன்கிராஃப்டிங்குக்குத் தனியாக ஒரு வேலைப்பிரிவு உருவாக்கி, தேர்ந்தெடுத்தவர் மட்டும் செய்யட்டும் என்று வைத்து, உங்கள் ஆளைச் சேருங்கள். அவரைச் சிறப்பு வேலையாளாகவும் குறித்துவிடுங்கள். அப்போதுதான் மூட்டை தூக்கவும் பிணம் அகற்றவும் ஓட மாட்டார். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் செய்யட்டும் என்று விட்டால் திறமை பத்துப் பேருக்குப் பரவி, ஒருவரும் மேலே ஏறமாட்டார்கள்.

கைவினைஞருக்கு விநோத மனநிலை பிடித்து, ஏதோ ஒரு கலைப்பொருளைச் செய்து முடித்து, லெஜண்டரி என்ற உச்சத் திறமை நிலையை அடைந்துவிட்டால் யோகம்தான். ஆனால் அதை எண்ணிக் கோட்டையில் இருக்கும் எல்லோருக்கும் கல் வேலை பழக்காதீர்கள். மனநிலை பிடிப்பவர் அவருக்கு நன்றாகத் தெரிந்த தொழிலில்தான் லெஜண்டரி ஆவார். ஆயுதக் கொல்லனாக ஆகியிருக்க வேண்டியவர் இன்னொரு மோதிரக்காரராக ஆவதில் நமக்கு லாபமில்லை.

படி 2: ஆர்டர்

தொடக்கத்தில் பட்டறையிலேயே குவளை வேலையைப் போட்டு, திரும்பத் திரும்பச் செய் என்று அழுத்திவிட்டால் போதும். மேனேஜரை நியமித்தபின் ஒர்க் ஆர்டருக்கு மாறுங்கள். கோட்டையில் 20 பேர் சேர்ந்தபின் ஒவ்வோர் ஆர்டரையும் மேனேஜர் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒப்புதல் தந்தால்தான் வேலை நகரும், அதற்கு ஒரு நாற்காலியும் அறையும் ஒதுக்குங்கள். ஆர்டருக்கு நிபந்தனை வைக்கலாம்: கையிருப்புக் குவளை 100-க்குக் கீழே போனால் மட்டும் செய். இது இல்லாமல் விட்டால் கைவினைஞர் ஆயிரக்கணக்கில் செய்து குவித்துக்கொண்டே இருப்பார்.

எந்தக் கல் என்பதையும் ஆர்டரில் குறிப்பிடலாம். ஃப்ளக்ஸ் கல்லில் செய்தால் மதிப்பு இரட்டிக்கும் என்று ஆசை வரும். எஃகு உருக்கும் எண்ணம் இருந்தால் அந்த ஆசை வேண்டாம், எஃகுக்கு ஃப்ளக்ஸ் கட்டாயம் தேவை. உங்கள் மலை முழுக்கப் பளிங்காகவே இருந்தால் தாராளமாகச் செதுக்குங்கள். ஆனால் ஸ்டோன் யூஸ் பட்டியலில் ஃப்ளக்ஸ் கற்கள் பொதுப் பயன்பாட்டுக்குத் தடையாக இருக்கும், முதலில் அனுமதி கொடுக்க வேண்டும். உருக்கக்கூடிய தாதுக் கற்களையும் அதே பட்டியலில் பத்திரமாகப் பூட்டி வையுங்கள். வெள்ளித் தாதுவில் குவளை செய்து குடிப்பதைவிட அதை உருக்கினால் பயன் அதிகம்.

முதல் இலையுதிர்காலத்துக்கு எவ்வளவு வேண்டும்? 30 கல், 90 குவளை என்று வையுங்கள். சராசரித் தரம் 2 என்றாலே 90 × 10 × 2 = 1800. ஓர் இரும்பு ஆன்விலின் (கொல்லன் அடிக்கும் பட்டடை) மதிப்பு 1000, எஃகுக் கட்டி ஒன்று 150. ஆன்வில் இல்லாமல் வந்து, அந்தப் புள்ளிகளைத் திறமைக்குச் செலவழித்தவர்கள் இந்த ஒரே லோடில் ஆன்விலையும் வாங்கி, மீதிக்குத் தோலும் துணியும் விதையும் வாங்கிக்கொள்ளலாம்.

படி 3: பெட்டிகள்

பலரும் சறுக்குவது இங்கேதான். 90 குவளையை ஒவ்வொன்றாகத் தூக்கினால் 90 நடை. ஆட்டத்தில் பின் (bin) என்ற பெயரில் வரும் பெட்டியில் அடைத்தால் சில நடையில் முடிந்துவிடும். தச்சுப் பட்டறையில் ஒரு மரத்துக்கு ஒரு பெட்டி. முதல் குவளை வருவதற்கு முன்பே பத்துப் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.

கிடங்கில், செய்து முடித்த பொருள்களுக்கான ஃபினிஷ்ட் குட்ஸ் வகையைத் தேர்ந்தெடுத்து, பெட்டி எண்ணிக்கையைக் கிடங்கின் கட்டங்களுக்குச் சமமாக வையுங்கள். இடம்? பட்டறைக்கும் டிப்போவுக்கும் நடுவில், டிப்போ பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல. காரணம் எளிது. பட்டறையிலிருந்து கிடங்குக்கு வரும் நடை வருஷம் முழுக்கப் பரவி நடக்கிறது, அவசரமில்லை. கிடங்கிலிருந்து டிப்போவுக்குப் போகும் நடை வியாபாரிகள் வந்திருக்கும் சில வாரங்களுக்குள் நெருக்கியடித்து நடக்கிறது. நெருக்கடியில் நடப்பதைத்தான் குறைக்க வேண்டும்.

கிடங்கு தரைக்கு மேலே திறந்த வெளியில் வேண்டாம். கோபால்டுகள் என்ற சிறு திருட்டு உயிரினங்கள் மோப்பம் பிடித்துத் திருட வரும். கதவுக்கு உள்ளே இருக்கட்டும்.

கிடங்கு நிரம்பிவிட்டால் செய்த பொருள்கள் பட்டறையிலேயே குவியும். குவிந்தால் பட்டறை வேலை மெதுவாகிவிடும். ஆக, பட்டறையில் குவளைகள் தேங்குவதைப் பார்த்தால் பெட்டி போதவில்லை அல்லது சுமக்க ஆள் போதவில்லை என்று அர்த்தம். கைவினைஞரைக் குறை சொல்லிப் பயனில்லை.

படி 4: டிப்போ

ட்ரேட் டிப்போ 5க்கு 5, கட்ட 3 கல்லோ மரமோ போதும். எங்கே கட்டுவது என்பதில்தான் யோசனை வேண்டும்.

வண்டி வர வேண்டுமானால் வரைபடத்தின் ஓரத்திலிருந்து டிப்போ வரை 3 கட்ட அகலத்துக்குத் தடையில்லாத பாதை வேண்டும். மரமும் பாறையும் மறிக்கும். பொறிகளும் மறிக்கும், பாதுகாப்புக்காக வாசலில் கல் விழும் பொறியை வரிசையாக வைத்துவிட்டு, ஏன் வண்டி வரவில்லை என்று தேடுவது வழக்கமான கதை. படிக்கட்டில் வண்டி ஏறாது, சரிவுப் பாதையில் ஏறும் இறங்கும். பாதை இல்லாவிட்டாலும் வியாபாரிகள் பொதி விலங்குகளோடு வருவார்கள், ஆனால் சரக்கு குறைவாக இருக்கும். எல்ஃப்களுக்கு எப்போதுமே பொதி விலங்குதான், வண்டி கிடையாது.

டிப்போவை மலைக்கு வெளியே வைப்பது சுலபம், உள்ளே வைப்பது பத்திரம். 3 கட்ட அகலத்தில் ஒரு சுரங்க வழி தோண்டி, நுழைவாயிலில் ஒரு தூக்குப்பாலம் போட்டு, அதன் உள்ளே டிப்போவை வைத்துவிட்டால் எதிரி இனமான காப்ளின்கள் வரும்போது பாலத்தைத் தூக்கிவிடலாம், வியாபாரிகளும் உள்ளே பிழைப்பார்கள். உங்கள் வாசலில் வணிகர்கள் செத்தால் உறவு கெடும். அதோடு, ஊர் திரும்பும் சொந்த நாட்டு வணிகர்கள் கொண்டுபோகும் செய்தியைக் கேட்டுத்தான் புதுக் குடியேறிகள் உங்களைத் தேடி வருகிறார்கள்.

வியாபாரிகள் வந்த அறிவிப்பு கேட்டவுடன் டிப்போவைக் கிளிக் செய்து, சரக்கைக் கொண்டுவரும் பட்டியலைத் திறந்து, பெட்டிகளைக் குறியுங்கள். அவர்கள் டிப்போவை அடைந்து சரக்கை இறக்கும் வரை காத்திருக்காதீர்கள். கூடவே உங்கள் சார்பில் பேரம் பேசும் புரோக்கரையும் டிப்போவுக்குக் கூப்பிட்டுவிடுங்கள். புரோக்கர் அப்போதுதான் தூங்கப் போவார், எழுந்து குடிக்கப் போவார், குடித்துவிட்டுச் சாமி கும்பிடப் போவார். நேரம் போய்க்கொண்டே இருந்தால் யார் வேண்டுமானாலும் வியாபாரம் பேசலாம் என்ற பொத்தானை அழுத்தலாம். அவசரத்துக்குச் சரி.

பட்டியலைக் குறிக்கும்போது ஒன்றைப் பார்த்துவிடுங்கள். 50 பேர் ஆனபின் மேயர் வருவார், மேயருக்கு ஆசைகளும் வரும். "தாயத்து ஏற்றுமதி கூடாது" என்று உத்தரவு போட்டிருப்பார். அதை மீறி ஒரு தாயத்து வண்டியேறினாலும் பாவப்பட்ட யாரோ ஒருவர் அடி வாங்குவார் அல்லது சிறைக்குப் போவார். தடைப்பட்ட பொருள் ஒரு பெட்டிக்குள் மற்றவற்றோடு கலந்திருப்பது சகஜம். சரக்கு முழுக்க ஒரே வகையாக இருந்தால் ஒரே ஓர் உத்தரவில் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும் என்பதால், 50 பேரைத் தாண்டியபின் குவளையோடு வேறு ஏதாவதையும் செய்யத் தொடங்குங்கள்.

படி 5: பேரம்

புரோக்கருக்கு அப்ரைசர் திறமை துளியாவது இருந்தால்தான் விலைகள் திரையில் தெரியும். இல்லாவிட்டால் தராசு இல்லாமல் நிறுப்பது போலத்தான். அந்த ஒரு புள்ளி இதற்குத்தான். போடாமல் விட்டிருந்தாலும் உலகம் முடிந்துவிடவில்லை, ஒரு சின்னப் பரிமாற்றம் செய்து முடித்தால் புரோக்கர் கற்றுக்கொள்ளத் தொடங்குவார்.

வியாபாரிக்கு லாபம் வேண்டும். சமத்துக்குச் சமம் கேட்டால் மறுப்பார் அல்லது இன்னும் கொஞ்சம் கேட்டு எதிர்விலை சொல்வார். மறுபடி மறுபடி குறைத்துக் கேட்டால் எரிச்சலாகி, பேசவே மாட்டார். நான் முதல் பரிமாற்றத்தில் பாதிக்குப் பாதி கூடுதலாகக் கொடுத்துவிடுவேன். 600-க்கு வாங்கினால் 900-க்குக் குவளை. கல் குவளைதானே, கஞ்சத்தனம் எதற்கு? அவர் முகம் மலர்ந்தபின் அடுத்தடுத்த பரிமாற்றங்களில் இடைவெளியைக் குறைக்கலாம். லாபத்தோடு போகும் வணிகர்கள் அடுத்த வருஷம் அதிகச் சரக்கோடு வருவார்கள்.

வண்டிக்கு எடை வரம்பும் உண்டு. திரையில் தெரியும். பெரிய கல் பொருள்களைத் திணித்தால் மதிப்பு எட்டும் முன்பே எடை எட்டிவிடும். சிறு பொருள்களுக்கு அந்தக் கவலை குறைவு.

இலையுதிர்கால வணிகர்களோடு தூதர் ஒருவரும் வருவார். உங்கள் தலைவரைத் தனியாகச் சந்தித்து, அடுத்த வருஷம் என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்பார், எதற்கு அவர்கள் கூடுதல் விலை தருவார்கள் என்றும் சொல்வார். கேட்பதில் அடக்கம் வேண்டும். பட்டியலில் எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டால் எல்லாமே விலை ஏறி வரும். இரும்போ எஃகோ, தோலோ, உங்களிடம் இல்லாத ஏதோ இரண்டு மூன்று போதும். அவர்கள் கேட்கும் பட்டியலில் குவளையோ கைவினைப் பொருளோ இருந்தால் அந்த வருஷம் உங்கள் வருஷம்.

எல்ஃப்கள் தனிக் கதை

எல்ஃப்களிடம் மரத்தில் செய்த எதையும் நீட்டக் கூடாது. மரவேலைப்பாடு ஒட்டிய பொருளும் கூடாது. தெளிந்த கண்ணாடியும் கூடாது, அதில் மரச் சாம்பலிலிருந்து வரும் பொருள் சேர்கிறது. நீட்டினால் கோபித்துக்கொண்டு அந்த முறை வியாபாரமே இல்லை என்றுவிடுவார்கள். கல் குவளையைத்தானே கொடுத்தேன் என்பீர்கள். குவளை இருந்த பெட்டி மரம்! பெட்டியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் குவளைகளை மட்டும் குறியுங்கள். கல், பச்சைக் கண்ணாடி, துணி இவற்றில் பிரச்சினை இல்லை. பதிலுக்கு அவர்களிடம் வாங்கத் தகுந்தது கூண்டில் வரும் விலங்குகள், துணி, பழவகைகள். மற்றபடி அவர்கள் சரக்கில் எனக்குப் பெரிய ஆர்வம் இருந்ததில்லை.

குவளைக்கு அடுத்து

அடுத்த சரக்கைத் தேர்ந்தெடுக்கும்போதும் அதே அளவுகோல்தான்: கோட்டை எப்படியும் செய்தாக வேண்டிய வேலையின் மிச்சமாக வருகிறதா?

சமையல். மதிப்பில் இதை எதுவும் அடிக்க முடியாது. அடுக்களையில் உயர்தர உணவுக்கு 4 பொருள் சேர்க்கலாம். ஒவ்வொரு பொருளும் ஐந்தைந்து கொண்ட அடுக்காக இருந்தால் 20 பங்கு வரும், அதுவும் நல்ல சமையல்காரர் கையில் தரம் பெருகி, ஒரு பீப்பாய் உணவுக்கு முழு வண்டியையே வாங்கிவிடலாம். அதனாலேயே நான் இதை விற்பதில்லை. ஆட்டத்தின் சுவையே போய்விடுகிறது. விற்பவர்கள் லேபர் திரையின் கிச்சன் பட்டியலில் விதையையும் சாராயத்தையும் சமைக்கத் தடை போட்டுவிடுங்கள். மறந்தால் கோட்டையின் குடியெல்லாம் குழம்பாகி, வியாபாரி வயிற்றுக்குப் போகும். பிளம்ப் ஹெல்மெட் காளானையும் நேரே சமைத்தால் விதை மிஞ்சாது. காய்ச்சி வடித்தால் விதை திரும்பும்.

துணி. என் விருப்பம் இதுதான், சொல்லவும் நிறைய இருக்கிறது. குள்ளர்களின் உடை கிழியும், கிழிந்த உடையில் திரிந்தால் மனம் சோர்வார்கள். ஆகத் துணித் தொழில் எப்படியும் வேண்டும். நிலத்தடி வயலில் பிக் டெயில் என்ற நார்ப்பயிரைக் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் விதைக்கலாம். உழவர் பட்டறையில் அது நூலாகும், தறியில் துணியாகும், உடைப் பட்டறையில் சட்டையோ மேலங்கியோ ஆகும். நடுவில் சாயம். டிம்பிள் கப் காளானை எல்லாப் பருவத்திலும் விதைக்கலாம். திருகையில் அரைத்தால் கருநீலச் சாயப்பொடி, அதற்குப் பை ஒன்று காலியாக இருக்க வேண்டும். சாயப் பட்டறையில் நூலுக்கும் போடலாம், துணிக்கும் போடலாம். நான் துணியாக்கியபின் போடுவேன், அப்போது தறிக்காரர் சாயத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பட்டறை, ஒவ்வொரு பட்டறைக்கும் நடுவில் ஒரு நடை என்பதால் உழவர் பட்டறை, தறி, சாயப் பட்டறை, உடைப் பட்டறை நான்கையும் ஒரே அறையில் சுற்றி வைத்து, நடுவில் ஒரே துணிக் கிடங்கு. இதைச் செய்யாமல் தூர தூரமாக வைத்தவர்கள்தான் "துணி லாபமில்லை" என்கிறார்கள்.

இதில் இன்னொரு வரவும் உண்டு. புது உடை வந்ததும் பழையதைக் கழற்றிப் போடுவார்கள். கிழிசலுக்கு ஏற்றபடி பெயரில் x குறி விழுந்திருக்கும், மதிப்பும் இறங்கியிருக்கும், ஆனாலும் விலை போகும். காப்ளின் படையெடுப்பு முடிந்து களத்தில் கிடக்கும் உடைகளும் அப்படியே. தடை நீக்கி, பெட்டியில் அடைத்து, இரத்தக் கறையோடு விற்றுவிடலாம். வியாபாரி முகம் சுளிப்பதில்லை. இரும்புக் கவசம் கிடைத்தால் மட்டும் விற்காதீர்கள், உருக்கி இரும்பாக்குங்கள்.

கண்ணாடி. மணல் கிடைக்கும் இடமும் அடியில் மாக்மா என்ற உருகிய பாறைக் குழம்பும் இருந்தால் பச்சைக் கண்ணாடிக்கு அடக்கச் செலவே கிடையாது. மாக்மா இல்லாமல் கரி எரித்துச் செய்வது அநியாயம். உலையில் குவளைக்குப் பதில் பொறிக்கு வேண்டிய பல்சக்கரத் தகட்டைச் செய்யுங்கள். அதன் அடிப்படை மதிப்பு குவளையைவிடப் பல மடங்கு, ஒரு பை மணலுக்கு ஒன்று. மரம் மலிந்த இடமாக இருந்தால் தச்சரிடம் முள்ளுருண்டை செய்யச் சொல்லி மனிதர்களுக்கும் குள்ளர்களுக்கும் விற்கலாம்.

எலும்பு, மண்டையோடு. கசாப்புப் பட்டறை நடக்கும் கோட்டையில் எலும்பு சேரும், அம்பு செய்தது போக மிச்சத்தைக் கைவினைக்கு விடுங்கள். மண்டையோட்டில் டோட்டம் ஒன்று வரும். தனியாக இதற்கென்று ஆள் வைக்க வேண்டாம்.

தங்கம். ஒரு கட்டி 150, கைவினைப் பொருளாக்கினால் ஒன்று 300, அதுவும் தரம் சேராமல். மாக்மா உலை இருந்தால் செய்யலாம். ஆனால் தங்கத்தை விற்று என்ன வாங்கப் போகிறீர்கள்? வண்டியில் இருப்பதெல்லாம் குவளைக்கே கிடைக்கும்போது, தங்கத்தைச் சிலையாக்கிச் சாப்பாட்டு மண்டபத்தில் வைத்தால் குள்ளர்கள் பார்த்து மகிழ்வார்கள்.

ரத்தினம் பதிப்பது பற்றி ஒரு வரி: நகைப் பட்டறைக்கு எந்தப் பொருளில் பதிக்க வேண்டும் என்று கிடங்கு இணைப்பு மூலம் காட்டாவிட்டால், வைரம் போய் ஏதோ ஒரு மரப் பெட்டியில் உட்கார்ந்துகொள்ளும்.

எவ்வளவு போதும்

கோட்டையின் செல்வம் கூடக் கூட எதிரிகளும் வருவார்கள். மக்கள்தொகை, உருவாக்கிய மதிப்பு, ஏற்றுமதி செய்த மதிப்பு இவற்றை வைத்துத்தான் காப்ளின் முற்றுகையும் பெரும் மிருகங்களும் எப்போது வரலாம் என்பதை ஆட்டம் முடிவு செய்கிறது. கிடங்கில் சும்மா கிடக்கும் மாஸ்டர்வொர்க் குவளைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். படை தயாராகாமல் இரண்டாம் வருஷத்திலேயே உணவும் தங்கமும் விற்று மதிப்பை ஏற்றுபவர்களின் கோட்டை எப்படி முடிகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு வருஷம் விற்றுக் கிடைப்பதை இரும்பு, எஃகு, தோல், ஆயுதம் என்றே வாங்குங்கள். வணிகர்கள் கொண்டுவரும் உலோகப் பாத்திரங்களை வாங்கி உருக்குவதும் நல்ல வழி, தாது இல்லாத மலைக்கு இதுவே சுரங்கம்.

வணிகர்கள் கிளம்பியபின் விற்காத பெட்டிகள் டிப்போவிலேயே கிடந்தால் திரும்பக் கிடங்குக்கு எடுத்துப் போகக் குறி போடுங்கள். குளிர்காலம் முழுக்க யாரும் வரமாட்டார்கள், அந்த மூன்று மாதம் தறிக்கு. வசந்தத்தில் எல்ஃப்கள் வரும்போது மரம் கலக்காத சாயத் துணி கையில் இருக்க வேண்டும் என்றால், இலையுதிர்காலத்தில் அறுத்த பிக் டெயில் இப்போதே நூலாகத் தொடங்க வேண்டும்.